இடுப்பில் இருந்த பிள்ளை

அந்தப் படம் என் வீட்டுக்கு வந்த காலையில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. வண்டி ஓட்டி வந்தவர், போர்வையில் சுற்றிய பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, கூடத்துச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினார். போர்வை நழுவியது.

"இன்னா மேடம், ஒரே கருப்பா கீது? எரிஞ்சி பூச்சா?" என்றார்.

எரியவில்லை. அது மெழுகுவத்திப் புகை. சாந்தோம் பக்கம் ஒரு சந்தில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்து வீட்டில், மாதா சுரூபத்துக்கு மேலே அந்தப் படம் பல வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஏற்றிய வத்திகளின் கரி முழுவதும் அதன் அடிப்பாதியில் படிந்திருந்தது. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து, உரிந்த வண்ணத்தை ஒட்டி, மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். முன்பு ஓர் அருங்காட்சியகத்தில் செய்துகொண்டிருந்தேன். இப்போது கோட்டூர்புரத்தில் என் வீட்டின் வடக்கு அறையிலேயே செய்கிறேன்.

படம் ஓர் அக்காவுக்கும் தம்பிக்கும் சொந்தம். அக்காவுக்கு வயது தொண்ணூறைக் கடந்திருந்தது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். தம்பி எண்பதைத் தாண்டியவர், இன்னும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர். அவர் எனக்கு அங்கிள். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்திருந்தார்கள். அதோடு, பங்குக் கோவில் அரங்கில் போர்க்காலத்துச் சென்னையைப் பற்றி ஒரு சின்னக் கண்காட்சியை அங்கிள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதில் இந்தப் படம்தான் நடுவில் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

வண்டிக்குப் பின்னாலேயே இருவரும் வந்துவிட்டார்கள். டீச்சர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறி வந்தார்.

படத்தில் ஒரு ரயில் நிலையத்து நடைமேடை. எழும்பூர் என்றார்கள். நின்றிருக்கும் ரயிலின் ஜன்னல்கள் வழியாகப் பெரியவர்கள் பிள்ளைகளை உள்ளே தூக்கிக் கொடுக்கிறார்கள். முன்னால், பார்ப்பவரை நேராக நோக்கியபடி ஒரு பெண் குழந்தை நிற்கிறது. அதன் பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்திய ஒரு பெரிய டிரங்குப் பெட்டி. இடது ஓரத்தில் ஒரு பெண்மணி. அவள் கையில் ஒரு பிள்ளை.

"இது அக்கா," என்று அங்கிள் பெண் குழந்தையைக் காட்டினார். "அதோ ஜன்னல்ல சின்னதா ஒரு முகம் தெரியுதே, அது எங்க அண்ணன். அம்மா கையில இருக்கிறது நான். பிறந்து ஒரு மாசம்கூட ஆகல."

இந்தக் கதையைப் பல வருடங்களாக எல்லா விருந்தாளிகளுக்கும் சொல்லி வந்திருப்பார் போலிருந்தது. குரலில் அப்படி ஒரு பழக்கம்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று 1942இல் ஊரே காலியானபோது நடந்தது அது. அவர்களுடைய அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். குண்டுவீச்சுக் காவல் பணியில் அவரைப் போட்டிருந்ததால் அவரால் ஊரை விட்டு நகர முடியவில்லை. பச்சை உடம்புக்காரி என்பதால் அம்மாவும் நகர முடியவில்லை. மூத்த பெண்ணையும் அடுத்த பையனையும் மட்டும் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். பெண்ணுக்கு எட்டு வயது; பையனுக்கு நாலு. பெண் திரும்பி வந்தாள். பையன் வரவில்லை.

"காய்ச்சலா?" என்று கேட்டேன்.

அங்கிள் அக்காவைப் பார்த்தார். டீச்சர் என் அறையில் இருந்த பஞ்சுக் குச்சிகளையும் கண்ணாடிக் குப்பிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மறுபடி கேட்கவில்லை.

"வருஷத்த மட்டும் நீ உறுதிப்படுத்திக் குடும்மா," என்றார் அங்கிள். "நாப்பத்திரண்டு, சம்பவ இடத்துலயே வரைஞ்சதுன்னு போட்டா ஜனங்க நின்னு பார்ப்பாங்க."

"இடத்துலயேதான் வரைஞ்சாரா?"

டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அம்மா அப்படித்தான் சொன்னாங்க. அப்பா செத்தப்புறம் பரண்ல இருந்து எடுத்தோம். எங்கள அனுப்பிட்டு வந்து அன்னிக்கே வரைஞ்சதுன்னு அம்மா சொன்னாங்க." பஞ்சுக் குச்சி ஒன்றை நேராக்கி வைத்துவிட்டு, "வண்டி கிளம்பும்போது எல்லார் அப்பாவும் கூடவே ஓடிவந்தாங்க. எங்கப்பா தூண் பக்கத்துல நின்னு நோட்டுல எதையோ கிறுக்கிட்டிருந்தார். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றார்.

அதில் இருந்த கோபம் பழையது. ஆறிப்போகாத பழசு.

சுத்தம் செய்வது மெதுவான வேலை. ஒரு விரல் அகலத்துக்குப் பஞ்சை உருட்டுவேன், பிறகு பஞ்சைப் பார்ப்பேன். கருப்பு மட்டும் வருகிறதா, வண்ணமும் சேர்ந்து வருகிறதா என்று. மேல் பாதி சீக்கிரம் வெளுத்தது. கீழே வரவரக் கரி கெட்டியாக இருந்தது. அம்மாவின் சேலை ஊதா என்று தெரிந்தது. அவள் கையில் இருந்த பிள்ளையின் தலையும் தோளும் புகைக்குள் மங்கலாக எல்லோரும் முன்பே பார்த்தவை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க முடியாது. கரிக்குள்ளிருந்து முதலில் ஒரு முழங்கால் வந்தது. பிறகு கணுக்கால்.

பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

பிள்ளை பெற்ற எவளுக்கும் இது தெரியும். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குக் கழுத்து நிற்காது. மார்போடு அணைத்துத்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பிள்ளையோ அம்மாவின் இடுப்பில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு கை அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது. கால் அவள் தொடைக்குக் கீழே தொங்கியது. நாலு வயதுப் பிள்ளை. இறக்கிவிட்டால் நடக்கும், ஆனால் நடக்க மறுத்து இடுப்பில் ஏறிக்கொண்ட பிள்ளை.

மறுநாள் பாதத்தைத் திறந்தேன். காலில் செருப்பு இருந்தது. வெள்ளை ரப்பர், நீல வார். இன்றைக்கும் எந்தப் பெட்டிக்கடை வாசலிலும் தொங்குகிற ஹவாய் செருப்பு. உலகப் போர்க் காலத்தில் அது நம் ஊரில் கிடையாது. சுதந்திரம் வந்து, நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த பொருள் அது. அதன் வண்ணம் பிற்பாடு பூசியதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடினேன். இல்லை. சேலையும் காலும் செருப்பும் ஒரே ஈரத்தில் தீட்டப்பட்டவை. ஒன்றின் விளிம்பு மற்றதில் கலந்திருந்தது. அப்படியென்றால் நாற்பத்திரண்டு பொய். போர் முடிந்து இருபது வருடமாவது ஆன பிறகு வரைந்த படம் இது.

இன்னொன்றும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. பெண் குழந்தையின் வலது கை பெட்டியின் கைப்பிடியில் இருப்பதாகத்தான் முதல் பார்வைக்குத் தெரியும். ஆனால் விரல்கள் பிடியைப் பிடிக்கவில்லை. பிடிக்குச் சற்று மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் மடங்கியிருந்தன. கை வரையச் சொல்லிக் கொடுத்தே பிழைத்தவர், இவ்வளவு சாதாரணமான கையில் தவறுவாரா?

மேல் வண்ணத்தை ஊடுருவி அடியில் இருக்கும் கரிக்கோட்டைக் காட்டும் கேமரா ஒன்று என்னிடம் உண்டு. ஜன்னலை மூடி, விளக்கை வைத்துப் படம் பிடித்தேன். கணினித் திரையில் டிரங்குப் பெட்டி மங்கிப் போனது. அந்த இடத்தில் ஒரு பையன் நின்றான். அரை டவுசர், கழுத்தில் ஜெபமாலை, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி அக்காவைப் பார்க்கிறான். அவன் கை அவள் கைக்குள் இருந்தது. விரல்கள் சரியாகப் பொருந்தியிருந்தன.

முதலில் அக்காவின் கையில் பையனை வரைந்திருக்கிறார். பிறகு அவன்மேல் பெட்டியைத் தீட்டி மறைத்துவிட்டு, அவனை அம்மாவின் இடுப்பில் ஏற்றிவிட்டார். ரயிலில் அனுப்பாமல் நிறுத்திவிட்டார். அது எத்தனை வருடம் கழித்து வந்த எண்ணமோ.

அன்று மாலை என் மகள் கல்லூரியிலிருந்து வந்தபோது திரையில் அது அப்படியே இருந்தது. பையைக் கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"மாத்தி வரைஞ்சா மட்டும் போகாம இருந்துடுவானா?" என்றாள். பிறகு, "நீ என்னை போட்ல ஏத்தினப்போ எனக்கு ஏழு வயசும்மா," என்றாள்.

அடையாறு பெருகி வீட்டுக்குள் வந்த அந்த டிசம்பரைத்தான் சொன்னாள். கீழ்த்தளத்தில் இருந்தோம் அப்போது. மாமியார் படுத்த படுக்கை; அவரைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோக ஆள் போதவில்லை. மீனவர்கள் படகு கொண்டுவந்தார்கள். ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையை நீட்டி, "புள்ளைய குடும்மா, பத்திரமா கொண்டுபோய் வுட்றேன்," என்றார். கொடுத்தேன். அவர் பெயர்கூடத் தெரியாது. அவள் எங்கே இறக்கப்பட்டாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. ஊரில் எல்லோரும் நான் சரியாகத்தான் செய்தேன் என்றார்கள். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"நான் கத்தினேன், நீ திரும்பி உள்ள போயிட்ட," என்றாள் மகள். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. டீ போடப் போய்விட்டாள். பாட்டி உள்ளே தனியாக இருந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும்தான் சொல்கிறாள்.

இதையெல்லாம் அக்கா தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று சில நாள் தள்ளிப் போட்டேன். பெட்டிக்கு அடியில் இருப்பதைச் சொல்லாமலே விடலாம். செருப்பை மட்டும் சொன்னால் கண்காட்சிக்கான தேதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் இடுப்பில் இருக்கும் பிள்ளையின் கால் இப்போது பளிச்சென்று தெரிகிறது. டீச்சரும் இரண்டு பிள்ளை பெற்றவர். அவர் கண்ணிலிருந்து அது தப்பாது.

தப்பவில்லை. இருவரும் வந்தார்கள். படத்தை வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கிள் வண்ணங்களைப் பார்த்து, "அடேயப்பா, அம்மா சேலை ஊதாவா!" என்று குதூகலமானார். டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் சொல்லி உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தின் கீழ்ப்பக்கம் குனிந்து, "அந்தச் செருப்பு என் பெரியவனோடது," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"என் பையனுக்கு நாலு வயசு இருக்கும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அப்பா வருவார், 'பையனக் கொஞ்சம் அனுப்பு, ஒரு படத்துக்கு உட்கார வைக்கணும்'னு கேட்பார். அம்மா அவன இடுப்புல தூக்கி வச்சிக்கிட்டு நிப்பாங்களாம். இடுப்பு வலிக்குதுன்னு அம்மா திட்டினாங்கன்னு அவன் வந்து சொல்வான். என்ன படம்னு நான் கேட்டதே இல்ல." அவர் என் பக்கம் திரும்பினார். "அப்போ, அன்னிக்கே வரைஞ்சதுன்னு அம்மா ஏன் சொன்னாங்க?"

"இரு, இரு," என்றார் அங்கிள். "இடுப்புல இருக்கிறது அக்கா பையனா?"

"பையன் மாடல்தான், அங்கிள். வரைஞ்சது உங்க அண்ணன," என்றேன். பிறகு மறைக்க வழியில்லாமல் கணினியைத் திருப்பிக் காட்டினேன்.

அங்கிள் திரையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி அல்ல.

"அப்போ நான் எங்கம்மா?"

"நீங்க..."

"அம்பது வருஷத்துக்கு மேல அது நான்தான்னு காட்டிட்டிருக்கேன். என் கல்யாணத்துல கூட எல்லாருக்கும் காட்டினேன். படத்துல நான் இல்லவே இல்லையா?" சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

டீச்சர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமலே பேசினார்.

"காய்ச்சலான்னு அன்னிக்குக் கேட்டியே. காய்ச்சல் இல்ல. 'கைய விடாதே'ன்னு அம்மா சொல்லி அனுப்பினாங்க. ரயில்ல விடல. ஊர்ல போயும் விடல, தூங்கும்போதுகூட. தினமும் அம்மாகிட்ட போலாம்னு அழுவான். ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க விளையாடக் கூப்பிட்டாங்க. அவன் தூங்கிட்டிருந்தான். போனேன். எழுந்து, என்னக் காணோம்னதும், அவனே ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டான். வரப்பு மேல நடந்திருக்கான். வழியில ஒரு கிணறு. சுவர் கிடையாது."

அங்கிள் ஜன்னலிலிருந்து திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கே இது முழுசாகத் தெரியாது என்று புரிந்தது.

"இங்க ஒண்ணும் ஆகல தெரியுமா," என்றார் டீச்சர். "எங்க தெருவுல ஒரு ஓடுகூட உடையல. இங்க இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்."

"அக்கா," என்றார் அங்கிள், "அப்பா உன்ன மன்னிச்சிட்டார். அதனாலதான் அவன உன் கையில இருந்து எடுத்து அம்மாகிட்ட குடுத்திருக்கார். உன் மேல பாரம் வேண்டாம்னு."

"மன்னிக்க நான் என்னடா பண்ணேன்? எட்டு வயசு எனக்கு." டீச்சரின் குரல் உயரவில்லை. வகுப்பில் தவறாகப் போட்ட கணக்கைக் காட்டும் குரல் அது. "இவகிட்ட குடுத்தது தப்புன்னு புடுங்கிட்டார். அப்படியும் பார்க்கலாம் இல்ல?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் போல. வண்ணம் எந்தக் காலத்தது, எது மேலே எது கீழே என்று என்னால் சொல்ல முடியும். அன்பா கோபமா என்று எந்தக் கேமராவும் காட்டாது. அதைத்தான் சொன்னேன்.

டீச்சர் எழுந்து படத்தின் அருகே வந்தார். "இந்தப் பெட்டிய எடுத்துடு," என்றார்.

"டீச்சர்?"

"மேல பூசினத சுரண்ட முடியும் இல்ல? சுரண்டு. அவன் கைய நான்தான் பிடிச்சிருந்தேன். அது தெரியணும்."

"முடியாது டீச்சர். மேல இருக்கிறதும் உங்கப்பா வரைஞ்சதுதான்."

"கீழ இருக்கிறத வேற யார் வரைஞ்சது?"

"கடைசியா அவர் எப்படி விட்டாரோ அத அழிக்க எனக்கு உரிமை இல்ல."

"அழிச்சது அவர்," என்றார். "நான் இல்ல. நீயும் இல்ல."

தொழில் தர்மம் என்று நான் கற்றதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் தள்ளாடியது. இருந்தாலும் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் கை அதற்கு வராது. அவர் வாதாடவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். போகும்போது என்னிடம் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

சில நாள் கழித்து அங்கிள் மட்டும் போன் செய்தார். கண்காட்சியில் படம் வைக்கப்போவதில்லை. அக்கா வேண்டாம் என்றுவிட்டாராம். "வருஷம்தான் பிரச்சினைன்னா மாத்திப் போட்டுக்கலாம்னு சொன்னேன். 'வருஷம் இல்லடா, யார் யாருன்னு கேட்பாங்க, என்ன சொல்லுவ?'ன்னு கேட்டா," என்றார். பிறகு தயங்கி, "ஏம்மா, ஜன்னல்ல ஒரு முகம் இருக்கே, அது யாரா இருக்கும்?" என்றார். அண்ணன் இடுப்பில் இருக்கிறான் என்றால், ஜன்னலில் இருப்பது வேறு யாரோ. ஒருவேளை அதுவாவது தான்தானோ என்று அவருக்கு ஒரு நப்பாசை. கைக்குழந்தை ஜன்னலில் எட்டிப் பார்க்காது என்பது அவருக்கும் தெரியும். தெரியவில்லை அங்கிள், என்றேன். அது உண்மைதான்.

படத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க நானே போனேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர்கள் குடிபோயிருந்த வாடகை வீட்டில் சாமான்கள் பாதி பிரிக்காமல் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. அங்கிள் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அவர் கண் படும் உயரத்தில், தாழ்வாக. சுரூபமும் மெழுகுவத்தியும் வேறு அறைக்குப் போயிருந்தன.

படத்தை மாட்டினேன். கேமராவில் எடுத்ததைப் பெரிதாக அச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பக்கத்தில் அதையும் மாட்டலாம் என்றேன். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நெகட்டிவ் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார்.

"இங்க வா. எந்த இடம்னு காட்டு."

"எது டீச்சர்?"

"அவன் கை."

கட்டிலிலிருந்து எழுந்து நிற்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தேன். டிரங்குப் பெட்டியின் கைப்பிடிக்குச் சற்று மேலே, மடங்கிய விரல்களுக்குப் பக்கத்தில், வண்ணத்தைத் தொடாமல் விரலை நீட்டிக் காட்டினேன்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

அவர் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தார். அழுத்தி, முழுதாக. கையின் எண்ணெயும் வியர்வையும் வண்ணத்துக்கு ஆகாது. வேறு யாராக இருந்தாலும் பதறித் தடுத்திருப்பேன். அவர் கையை எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன்.